அம்மாக்கண்ணு காயவைத்த கடல் பூச்சிகள்

பன்னீர்மலைத் தோட்டத்து மேல்பிரிவில் பிறந்தவர்களில், கடலைக் கண்ணால் காணும் முன்பே கடலுக்குள் கிடக்கிற பூச்சிகளுக்கு வாய் எங்கே, வயிறு எங்கே என்று படித்தவன் ஆண்டியப்பன் ஒருவன்தான். மேல்பிரிவில் யாரையும் கேட்டுப் பார்க்கலாம், இல்லை என்று சொல்லமாட்டார்கள். அவனுடைய அக்கா அம்மாக்கண்ணுவைக் கேட்டால் சொல்லிக்கொண்டே இருப்பாள். கேட்டவர் மஸ்கெலியா பஸ்ஸைத் தவறவிட வேண்டியதுதான்.

சின்ன வயதிலேயே அவன் அப்படி. மழைக்காலத்தில் காலில் ஏறும் அட்டையை மற்றப் பிள்ளைகள் உப்பு வைத்துச் சுருளவிட்டு எறிவார்கள். ஆண்டியப்பன் அதைக் கண்ணாடிக் குவளையில் போட்டு, இரண்டு நுனியில் எது வாய் என்று குந்தியிருந்து பார்ப்பான். கொழுந்து எடுத்துவிட்டுக் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்த அம்மா வேலாயி, அதே குவளையில் தேத்தண்ணி ஊற்றப் போய் அலறியதும், அதற்கு அவன் முதுகில் வாங்கியதும் வரிசை வீடுகளான லயம் முழுக்கத் தெரிந்த கதை.

தகப்பன் செல்லசாமி தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து மலையில் சறுக்கி விழுந்து இறந்தபோது ஆண்டியப்பன் கைப்பிள்ளை. அம்மாக்கண்ணு ஐந்தாம் வகுப்போடு நின்று தோட்டத்தில் பேர் பதிந்தாள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்துக்கு மேல் வகுப்பே இல்லை என்பது வேறு விஷயம். தம்பி மட்டும் மஸ்கெலியாவுக்குப் போய்ப் படித்தான். பிறகு ஹட்டனில் எச்.எஸ்.சி. வகுப்பில் சேர்ந்து விலங்கியல் எடுத்தான். அவன் காலையில் முதல் பஸ்ஸுக்கு இறங்கிப் போகும்போது வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்பு பிசகியிருந்தாலும் அம்மாக்கண்ணு திருப்பிக் கூப்பிட்டு நீவிவிட்டுத்தான் அனுப்புவாள்.

அவளுக்கு வேலை தேயிலை ஸ்டோரில். கொழுந்து வாடி, அரைபட்டு, காய்ந்து, சலித்துத் தூளாகிற கட்டடத்துக்குத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் பெயர். சலித்து வரும் தூளில் தப்பிக் கிடக்கும் குச்சியையும் நாரையும் கையால் பொறுக்கி எடுக்க, நீளப் பலகையின் இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அம்மாக்கண்ணு பார்த்துவிட்ட தூளில் மறுபடி ஒரு குச்சியைக் கண்டவர் கிடையாது. மழை கொட்டினால் கொழுந்து எடுக்கிற மலையில் ஆட்களைக் குறைப்பார்கள், ஸ்டோரில் குறைப்பதில்லை. அந்த நிலையான வேலையை நம்பித்தான் ஆண்டியப்பனின் பஸ்ஸும் படிப்பும் ஓடின.

அந்தப் பலகைக்கு ஒரு சட்டம் உண்டு. பக்கத்தில் எந்த வாசம் இருந்தாலும் தேயிலைத் தூள் இழுத்துக்கொள்ளும். அதனால் பலகைக்கு வருகிற பெண் தலையில் பூ வைக்கக்கூடாது. வாசனைச் சவுக்காரம் போடக்கூடாது. வெற்றிலை கூடாது, வெங்காயம் உரித்த கையும் கூடாது. கல்யாணம் முடிந்து மறுநாள் வேலைக்கு வந்த பெண்ணையே சந்தன வாசத்துக்காகத் திருப்பி அனுப்பியவர் டீமேக்கர் றோலண்ட் ஐயா. ஸ்டோருக்குப் பொறுப்பான அவருக்கு மூக்குத்தான் முக்கியம். தினமும் காலையில் பலகையைச் சுற்றி ஒரு நடை நடப்பார். பேசமாட்டார், மோப்பம் பிடிப்பார்.

அறுபத்து மூன்றாம் ஆண்டு ஆண்டியப்பன் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சைக்குத் தயாரானான். எழுத்துப் பரீட்சை பற்றி அவனுக்குப் பயம் இல்லை. கொழும்பில் நடக்கும் செய்முறைப் பரீட்சையை நினைத்தால்தான் அவனுக்குச் சோறு இறங்காது. அங்கே தட்டுத் தட்டாக உயிரினங்களை வைத்திருப்பார்களாம். ஒவ்வொன்றையும் பார்த்து, இது இன்னது, இன்ன கணத்தை, அதாவது இன்ன கூட்டத்தைச் சேர்ந்தது, அப்படிச் சொல்லக் காரணம் இது என்று எழுதவேண்டும். மணி அடித்தால் அடுத்த தட்டுக்கு நகரவேண்டும். பாதி தட்டில் கடல் உயிரினங்கள்தான் இருக்குமாம்.

"கொழும்புப் பிள்ளைங்க கால நீட்டினா கடல்ல படும்க்கா. நாங்க படத்துல பாத்ததுதான்" என்பான்.

"படத்துல பாத்தவன் நல்லாப் பாத்திருப்பான். கால நீட்டிக்கிட்டுக் கெடக்கிறவன் என்னத்தப் பாத்திருப்பான்?" என்பாள் அம்மாக்கண்ணு. வாய் அப்படிச் சொல்லும். பிறகு அவளுக்கும் சோறு இறங்காது.

ஹட்டன் பள்ளிக்கூடத்தில் கடல் பூச்சி என்று இருந்தது ஒரே ஒரு போத்தல். முன்பு இருந்த ஆசிரியர் ஒருவர் திருகோணமலைப் பக்கம் போனபோது பாறையில் ஒட்டிக் கிடந்ததைச் சுரண்டி, பார்மலின் என்ற மருந்தில் போட்டுக் கொண்டுவந்தது. மேலே 'ஒபீலியா' என்று எழுதி ஒட்டியிருந்தது. பழுப்பு நிறத்தில் பாசிக் கொத்துப் போலத் தண்ணீருக்குள் தொங்கும். விலங்கியல் படிக்கிற பிள்ளைகள் மூன்று பேர். விஞ்ஞானம் படிப்பித்த ஐவி டீச்சர், வாரக் கடைசியில் ஆளுக்கொரு முறை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்து வரைந்து பழகட்டும் என்று முடிவு செய்தார். முதல் முறை ஆண்டியப்பனுக்கு. போத்தலோடு ஒரு கைக்கண்ணாடி வில்லையும் கொடுத்து, "கண்ணாடி உடைஞ்சா மன்னிப்பேன், உள்ள இருக்கிறது கெட்டா மன்னிக்கமாட்டேன்" என்று சொல்லி அனுப்பினாராம்.

வெள்ளிக்கிழமை அவன் போத்தலைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். காசல்ரீ அணைக்கட்டு வேலைக்குப் போகிற லொறிகள் ரோட்டைக் கிழித்துப் போட்டிருந்த காலம். பஸ் தூக்கித் தூக்கிப் போட்டதில் மூடியைச் சுற்றியிருந்த மெழுகு விண்டுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. ஒரே அறையில், ஒரே காம்பராவில், மூன்று பேர் இருக்கிற வீட்டில் போத்தலுக்குப் பத்திரமான இடம் எது? அம்மாக்கண்ணுதான் தேர்ந்தாள். தன் துணிப் பெட்டிக்குள், மடித்த சேலைகளுக்கு நடுவில் மெத்தென்று வைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. ஸ்டோரில் பலகையைச் சுற்றி வந்த றோலண்ட் ஐயா அவள் பின்னால் நின்றார். நகரவில்லை.

"யாரு மருந்து பூசிக்கிட்டு வந்தது?"

"யாருமில்லீங்க ஐயா" என்றார்கள் எல்லாரும்.

"அம்மாக்கண்ணு, எழும்பு. கையக் காட்டு."

அவள் கையைக் காட்டினாள். அவர் குனிந்து சேலைத் தலைப்பைப் பிடித்து முகர்ந்தார். முகம் கோணியது.

"ஆஸ்பத்திரியில பொணம் அறுக்கிற காம்பரா மாதிரி நாறுது. நீயா? உன்னை எல்லாருக்கும் உதாரணமாச் சொல்றவன் நான்!"

"தம்பியோட படிப்புச் சாமான் ஐயா... பெட்டியில இருந்துச்சு..."

"தம்பி படிக்கட்டும். கொழும்புல தூளை வாயில போட்டுப் பாக்கிறவன் உன் தம்பி படிப்பையா பாப்பான்? இன்னைக்குப் போ. நாத்தம் போனப்புறம் வா. மறுபடி இதே வாசத்தோட வந்தா, கூடையைத் தூக்கிக்கிட்டு மலைக்குத்தான்."

பலகை முழுக்கப் பார்க்க அவள் வெளியே வந்தாள். வாழ்நாளில் அவளைத் திருப்பி அனுப்பியது அதுதான் முதல் தடவை. மேட்டில் ஏறும்போது அவளுக்கு வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகம். கூடை தூக்குவதில் கேவலம் ஒன்றும் இல்லை, அவள் தாய் தூக்குகிற கூடைதான். ஆனால் மழை பிடித்தால் பேர் குறையும், ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். பேர் குறைந்தால் தம்பியின் பஸ் நிற்கும்.

வீட்டில் ஆண்டியப்பன் இல்லை. வரைகிற பென்சில் முடிந்துவிட்டது என்று மஸ்கெலியாவுக்கு இறங்கியிருந்தான். பெட்டியைத் திறந்ததும் கண்ணில் நீர் வந்தது. மெழுகு விண்ட இடத்தால் மருந்து கசிந்து, சேலை எல்லாம் நனைந்திருந்தது. போத்தலில் பாதிதான் மிச்சம். பாசிக் கொத்தின் தலை தண்ணீருக்கு மேலே வந்து கிடந்தது.

அவள் யோசித்தாள். அவசரப்படவில்லை, ஒழுங்காகவே யோசித்தாள். போத்தலை அப்படியே விட்டால் மருந்து ஒழுகிக்கொண்டே இருக்கும். நாற்றம் போகாது. மருந்து முடிந்துவிட்டால் உள்ளே இருப்பது அழுகும். அழுகாமல் ஒரு பொருளைக் காப்பது எப்படி? அவள் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிற வழி ஒன்றுதான். பச்சைக் கொழுந்தை அப்படியே விட்டால் கூடையிலேயே அவியும். பதமாக வாட்டி, ஈரம் போகக் காயவைத்து, காற்றுப் புகாமல் அடைத்தால் கப்பலில் சீமைக்குப் போனாலும் கெடாது. தோட்டத்தில் இருக்கிற அத்தனை பேரும் அதைச் செய்துதான் சாப்பிடுகிறார்கள்.

மருந்தை வாசலில் ஓடுகிற சாக்கடைக் கானில் ஊற்றினாள். கொத்தை மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலியில் வாசம் போகும்வரை மெதுவாக அலசினாள், ஒரு கிளைகூட முறியவில்லை. வெள்ளைத் துணியை நெத்தலிச் சல்லடை மேல் விரித்து, அதில் பரத்தி, அடுப்புக்கு மேலே புகை படாத உயரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். இடையிடையே புரட்டிக் கொடுத்தாள். நன்றாக உலர்ந்ததும் பழைய தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளில் சுற்றி, பிஸ்கட் டின்னில் வைத்து மூடினாள். போத்தலையும் சாம்பல் போட்டுக் கழுவிக் கவிழ்த்தாள், நனைந்த சேலைகளைத் துவைத்துப் போட்டாள். வேலை முடிந்ததும் கையை முகர்ந்து பார்த்தாள். வாசம் குறைந்திருந்தது. அவளுக்கே தன்மேல் ஒரு மெச்சுதல்.

அடுத்த காம்பரா ராசம்மா வாசலில் வந்து நின்றாள். "ஏண்டி அம்மாக்கண்ணு, கானுல என்னத்தடி ஊத்தின? அட்டையெல்லாம் மல்லாந்து கெடக்கு. இன்னும் கொஞ்சம் இருந்தா குடு, எங்க வீட்டுக்காரன் காலுக்குப் பூசுறேன்."

அவள் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆண்டியப்பன் வந்தான். கவிழ்த்திருந்த போத்தலைப் பார்த்தான்.

"அக்கா, இதுல இருந்தது எங்க?"

"பத்திரமா இருக்கு. வாசமே இல்லாம பண்ணிட்டேன்" என்று டின்னைத் திறந்து ஈயத்தாளை விரித்துக் காட்டினாள்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு நல்லாயிருந்திருக்கும். சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். ராசம்மா சத்தம் போடாமல் நழுவினாள்.

"என்னடா? காஞ்சாக் கெடாதேடா..."

"அது கொழுந்து இல்லக்கா" என்றான். "அதுக்கு உடம்பு இருக்கு. உடம்பு முழுக்கத் தண்ணி. தண்ணி போனா ஒண்ணுமில்ல."

அன்று முழுக்க அவன் புத்தகத்தைத் தொடவில்லை. அம்மா வேலாயி வந்து விசயத்தைக் கேட்டுவிட்டு, மகளைத் திட்டுவதா மகனைத் தேற்றுவதா என்று தெரியாமல் இரண்டு பேரையும் திட்டினாள். அம்மாக்கண்ணு டின்னை மூடி மூலையில் வைத்தாள். அவன் பரீட்சையில் அந்தத் தட்டு வரும். அதற்கு முன்னால் அவன் முழித்துக்கொண்டு நிற்பான். மணி அடிக்கும். அதே காட்சிதான் அவள் கண்ணில் திரும்பத் திரும்ப வந்தது. அவன் மட்டுமா? இன்னும் முறை வராத இரண்டு பிள்ளைகள். அவர்களைப் பெற்றவர்கள் எந்தத் தோட்டத்தில் என்ன பாடுபட்டு அனுப்புகிறார்களோ.

ஞாயிறு காலை, வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டு இல்லை. வெயில் முன்வாசல் இஸ்தோப்பில் விழுந்தது. அவள் டின்னைக் கொண்டுபோய்த் தம்பி முன்னால் வைத்தாள்.

"நான் எதைக் கெடுத்தேன்னு சொல்லு. தெரியாம இருக்கிறதுதான் என்னால தாங்க முடியல."

அவன் முதலில் முகத்தைத் திருப்பினான். பிறகு கையிலிருந்த பென்சிலால் சிமெந்தில் வரைய ஆரம்பித்தான். ஒரு தண்டு. அதில் அங்கங்கே மோதிரம் போட்ட மாதிரி வளையங்கள். கிளை நுனியில் கிண்ணம். கிண்ணத்துக்குள் ஒரு குட்டி உடம்பு, அதன் தலையைச் சுற்றி மயிர் மாதிரிக் கொம்புகள்.

"இதுதான் ஒபீலியா. இந்தக் கொம்புக்குப் பரிசக்கொம்புன்னு பேரு. தொட்டதைக் கொட்டி மயக்கி உள்ள இழுக்கும். நடுவுல இருக்கிறது வாய். ஒரு கொத்துல நூத்துக்கணக்கா இருக்கும், எல்லாருக்கும் தண்டுக்குள்ள ஒரே குழாய். ஒருத்தன் தின்னா மத்தவனுக்கும் போகும்."

"நல்ல குடும்பம்" என்றாள் வேலாயி, முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டே. "வெளிய போறதுக்கு?"

"வேற வழி இல்லம்மா. தின்ன வாயாலேயே துப்பும். ஒரே வாசல்தான். அப்படி ஒரே வாசலும் கொட்டுற கொம்பும் உள்ளதெல்லாம் ஒரு கூட்டம், சீலந்தரேற்றா. வாசல் ரெண்டு இருந்தா அது வேற கூட்டம்."

"அட, பின்பக்கத்தப் பாத்தா சாதி பிரிக்கிறாங்க? இதுக்கா உங்களுக்குப் பரீட்சை வெக்கிறாங்க?"

அம்மாக்கண்ணுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். ஆனால் தம்பியும் உதட்டைக் கடிப்பதைப் பார்த்து அவளுக்குப் பாதி உயிர் வந்தது. அவன் வில்லையை எடுத்துக் காய்ந்த கொத்தைப் பார்த்தான். ஒரு பக்கம் வெறும் மயிர்ச் சுருள். கிண்ணம் எல்லாம் நசுங்கிப் போயிருந்தது. "இதுதான் போச்சுன்னு சொன்னது" என்றான். புரட்டினான். கை நின்றது.

"என்னடா?"

"இது சுருங்கல."

"எது?"

"இந்தப் பக்கம் வெறைப்பா நிக்குது. பாருங்க."

அவள் வில்லையில் கண்ணை வைத்தாள். குச்சி பொறுக்கும் கண் அது. பார்த்தவுடன் சொன்னாள்: "காம்பரா காம்பராவா இருக்கேடா. லயம் மாதிரி. ஒண்ணோட ஒண்ணு முதுகு ஒட்டி, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி வாசல்."

அவன் வில்லையைப் பிடுங்காத குறையாக வாங்கினான். ஒபீலியாவுக்குக் கிண்ணம்தான் உண்டு, காம்பரா கிடையாது. தண்டில் வளையம் உண்டு, இதில் வளையம் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த புத்தகத்தைப் பிரித்து ஒபீலியா பாடத்தைப் பார்த்தான். பிறகு தாள் தாளாகப் பின்னால் தள்ளினான். டீச்சர் படிப்பிக்காத ஒரு பாடத்தில் போய் நின்றான்.

"பாசி விலங்கு" என்றான் மெதுவாக. "பாக்க ஒபீலியா மாதிரியே பாசிக் கொத்தா இருக்கும். இதுக்கும் தலையைச் சுத்திப் பரிசக்கொம்பு உண்டு. ஆனா கொட்டாது. நுண்ணிய மயிரை அசைச்சுத் தண்ணியத் தன் பக்கம் இழுத்துத் தின்னும். பயந்தா காம்பராவுக்குள்ள இழுத்துக்கிட்டுக் கதவச் சாத்திக்கும். குடல் இப்படி வளைஞ்சு" – இரண்டு விரலை வில்லாக வளைத்துக் காட்டினான் – "வாய் ஒரு பக்கம், வெளிவாசல் கொம்பு வட்டத்துக்கு வெளியே இன்னொரு பக்கம். ரெண்டு வாசல்க்கா. ஒபீலியாவுக்கு இது சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல."

"அப்ப ஒரே போத்தல்ல ரெண்டு கூட்டமா?"

"பாறையில சிக்கிக்கிட்டு ஒண்ணா இருந்திருக்கு. தண்ணிக்குள்ள ரெண்டும் ஒரே மாதிரித் தொங்கும். காஞ்சதும் வீடு இல்லாதவன் சுருண்டுட்டான். சுண்ணாம்பு வீடு கட்டினவன் நிக்கிறான்."

அது ஆறுதலா? ஆண்டியப்பனுக்கு ஆச்சரியம், அம்மாக்கண்ணுக்கு ஆறுதல் இல்லை. பாடத்தில் இருப்பது ஒபீலியா. கெட்டதும் ஒபீலியா. மிஞ்சியது யாரும் கேட்காத ஒன்று.

திங்கட்கிழமை ஸ்டோருக்குப் போகாமல் தம்பியோடு ஹட்டனுக்குப் போனாள். அவன் தனியாகத் திட்டு வாங்குவதை அவள் விரும்பவில்லை. ஐவி டீச்சர் ராகலைக்காரர். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். டின்னைத் திறந்து பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"காயவெச்சதா? அடுப்புலயா?"

"நான்தாங்க டீச்சர். தம்பிக்குத் தெரியாது" என்றாள் அம்மாக்கண்ணு.

"இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேற கடல் சாமான் இல்லன்னு தெரியுமா உங்களுக்கு? மத்த ரெண்டு பிள்ளைங்க எதைப் பாத்துப் படிக்கும்?"

அந்த இரண்டு பிள்ளைகளும் வாசலில்தான் நின்றார்கள். ஒருத்தி பெற்றீசியா, இன்னொருவன் அழகன். அவர்கள் முகத்தைப் பார்க்க அம்மாக்கண்ணுக்குத் துணிச்சல் வரவில்லை. ஆண்டியப்பன் காய்ந்த கொத்தில் ஒரு துண்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப்பில் பொருத்தி, "டீச்சர், இதை ஒரு தடவை" என்றான்.

டீச்சர் கோபத்தோடேயே குனிந்தார். குனிந்தவர் நிமிரச் சற்று நேரம் எடுத்தது. "காம்பரா விளிம்புல கிளிமூக்கு மாதிரி என்னமோ இருக்கு" என்றார்.

"புத்தகத்துல இருக்கு டீச்சர். அதுவும் கொத்துல ஒரு ஆள்தான். தின்கிற வேலை இல்ல, மேல வந்து ஒட்டுறதைக் கவ்வி விரட்டுற வேலை. காவக்காரன்."

"எனக்கும் இது புதுசு" என்றார் டீச்சர். "பெற்றீசியா, அழகன், வாங்க. மூணு பேரும் வரைங்க." பிறகு அம்மாக்கண்ணுவிடம் திரும்பி, கோபம் தணியாத குரலில், "ஆனா ஒபீலியா போனது போனதுதான். அதை இனிப் படத்துலதான் பாக்கணும்" என்றார்.

அந்த வார்த்தையைத்தான் அவள் ஹட்டனிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஸ்டோரில் மறுபடி சேர்ந்தாள். பலகைக்கு உட்காரும் முன் ஒவ்வொரு நாளும் கையை முகர்ந்து பார்த்தாள். வேலையில் கண் நிற்கவில்லை. அவள் பார்த்துவிட்ட தூளில் ஒரு நாள் றோலண்ட் ஐயா ஒரு குச்சியை எடுத்துக் காட்டினார். அதை அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

செய்முறைப் பரீட்சைக்கு மூன்று பிள்ளைகளையும் ஐவி டீச்சரே ரயிலில் கூட்டிப் போனார். திரும்பி வருகிற அன்று அம்மாக்கண்ணு வேலை முடிந்ததும் மஸ்கெலியா பஸ் நிற்கிற இடத்துக்கு இறங்கிவிட்டாள். வந்த பஸ் எல்லாம் வேறு யாரையோ இறக்கிவிட்டுப் போனது. கடைசியில் அவன் இறங்கினான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஒபீலியா வந்துச்சா?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா? பாத்தியா இல்லையா?"

"ஒரு தட்டுல பழுப்பா ஒரு பாசிக் கொத்து. போத்தல்ல இருந்தது மாதிரியே. பக்கத்துல மைக்ரோஸ்கோப்பு. குனிஞ்சு பாத்தேன். தண்டுல வளையம் இல்ல. காம்பரா இருந்துச்சு. பாசி விலங்குன்னு எழுதினேன்."

"மத்தவங்க?"

"அழகனும் பெற்றீசியாவும் அதேதான். வெளிய வந்தா பாதிப் பேரு ஒபீலியான்னு சொல்றாங்க. கொழும்புல ஒருத்தன், 'மலையிலிருந்து வந்து எங்களுக்குக் கடல் சொல்லித் தரீங்களா'ன்னு கேட்டுச் சிரிச்சான். டீச்சர் எங்களைக் கூட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்கு வந்துட்டாங்க."

அவள் நடுரோட்டில் நின்றுவிட்டாள். "ஊரே ஒண்ணு எழுத நீங்க மூணு பேரும் வேற எழுதிட்டீங்களா? நான் அன்னைக்குக் காம்பரா காம்பரான்னு சொல்லி உன் மண்டையில ஏத்திட்டேனாடா?"

"நீங்க சொன்னதுக்காக எழுதலக்கா. கண்ணு முன்னால இருந்துச்சு."

மேட்டில் ஏறும்வரை அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்: மணி அவசரமாக அடித்தார்களா, கண்ணாடி மங்கலா, கிளிமூக்கு தெரிந்ததா? தெரிந்தது என்றான். எத்தனை தடவை கேட்டாலும் தெரிந்தது என்றான். அவளுக்குப் போதவில்லை. இரண்டும் ஒரே போத்தலில் கிடந்தது போல அந்தத் தட்டிலும் இரண்டும் கலந்திருந்தால்? அவன் பார்த்த மூலையில் மட்டும் காம்பரா இருந்திருந்தால்? புது வருசம் பிறந்து, கவ்வாத்து முடிந்து, அடுத்த கொழுந்து எழும்பும்வரை அந்தக் கேள்வி அவளோடு பலகையில் உட்கார்ந்திருந்தது. டின்னை அவள் தூக்கி எறியவும் இல்லை, திறக்கவும் இல்லை.

முடிவு வந்த அன்று ஸ்டோரில் சலிக்கிற மெசின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. பலகைப் பெண்களில் ஒருத்தி அம்மாக்கண்ணுவின் தோளைத் தட்டி ஜன்னலைக் காட்டினாள். வெளியே ஆண்டியப்பன் நின்றான், மூச்சு வாங்கிக்கொண்டு. உள்ளே வர அனுமதி இல்லை. வாயைத் திறந்து என்னவோ சொன்னான். அவளுக்குக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாள், அழுகிறானா சிரிக்கிறானா என்று தூசி படிந்த கண்ணாடியில் தெரியவில்லை. "என்னடா, என்னடா" என்று இங்கிருந்தே கத்தினாள்.

அவன் கையைக் கண்ணாடிக்கு நேரே தூக்கி, இரண்டு விரலை வில்லாக வளைத்துக் காட்டினான். இரண்டு வாசல். மற்றக் கையில் பல்கலைக்கழகக் கடிதம்.

அவள் எழுந்துவிட்டாள். கையிலிருந்த தூள் பலகையில் சிந்தியது. றோலண்ட் ஐயா அந்தப் பக்கத்திலிருந்து வந்து காதருகே கத்தினார்.

"என்ன அம்மாக்கண்ணு?"

"தம்பி பாஸுங்க ஐயா. பல்கலைக்கழகத்துக்கு எடுத்துட்டாங்க."

அவர் ஜன்னலைப் பார்த்தார். வழக்கம் போல மூக்கை உறிஞ்சினார். "போ, போய்ப் பாத்துட்டு வா" என்றார். அவள் வாசலைத் தாண்டும் முன் பின்னாலிருந்து சத்தம் போட்டார்: "தலையில எண்ணெய் வெச்சிருப்பான். கட்டிப்புடிச்சா, கையக் கழுவிட்டு உள்ள வா!"

அவன் தலையில் எண்ணெய் வைத்துத்தான் இருந்தான். அவள் பீலிக்குப் போய்க் கையைக் கழுவி, ஒருமுறை முகர்ந்து பார்த்து, இன்னொருமுறை கழுவிவிட்டுப் பலகைக்குத் திரும்பினாள்.